பைத்தானில் எனம்: ஒரு தையற்கடை ஆர்டரை வைத்துத் தொடங்குவோம்

ஒரு தையற்கடைக்கு ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் சின்ன புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அளவு எடுத்தாச்சு, வெட்டியாச்சு, தையலில் இருக்கிறது, காஜாவுக்குப் போயிருக்கிறது, தயார், கொடுத்தாச்சு. ஒரு சட்டை எந்த நேரத்திலும் இந்த ஆறில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். புதிதாக எழுதுபவர்கள் இதை ஸ்ட்ரிங்காகவே வைத்துவிடுவார்கள். ஒரு ஃபைலில் "தயார்", இன்னொன்றில் "ரெடி", மூன்றாவதில் கடைசியில் ஸ்பேஸ் ஒட்டிக்கொண்ட "தயார் ". பைத்தான் எதற்கும் முகம் சுளிக்காது. ஒப்பிடும் வரி பொய் என்று சொல்லும், வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய எஸ்எம்எஸ் போகாது, திரையில் ஒரு எரரும் வராது.

ஸ்ட்ரிங்குக்குப் பதில் எண் போட்டால் எழுத்துப்பிழை போய்விடும். ஆனால் ஆறு மாதம் கழித்து கோடைத் திறந்து பார்க்கும்போது 4 என்றால் காஜாவா, தயாரா என்று யாருக்கும் நினைவிருக்காது.

எனம் (எனுமரேஷன் என்பதன் சுருக்கம்) இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கிறது. இருக்கக்கூடிய நிலைகள் இவைதான், இவற்றைத் தவிர வேறில்லை என்று ஒரே இடத்தில் அறிவித்துவிடலாம். அந்தப் பட்டியலில் இல்லாத பெயரைத் தொட்டால், தொட்ட வரியிலேயே எரர் வரும்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு: பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே உள்ள நிலை, காஜா, தயார் போன்ற பெயர்களை அப்படியே தட்டினால் வேலை செய்யும். கிளாஸ், ஃப்ரம், இம்போர்ட், டெஃப் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன், அவற்றை மட்டும் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பலர் கைபடும் கோடாக இருந்தால் பெயர்களையும் ஆங்கிலத்தில் வைப்பதுதான் நடைமுறை. கற்றுக்கொள்ளும்போது தமிழ்ப் பெயர் ஒரு வசதி, எது நம் சொல், எது பைத்தானின் சொல் என்று பார்த்தவுடன் பிரிந்து தெரியும்.

முதல் படி: எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்

டெர்மினலில் பைத்தான் வெர்ஷனைக் கேட்டுப் பாருங்கள். 3.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் எனம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது.

இது முதலில் இருந்தே பைத்தானில் இருந்த வசதி அல்ல. 2005-இல் பெப் 354 என்று ஒரு முன்மொழிவு வந்தது, போதிய ஆர்வம் இல்லாமல் நின்றுபோனது. பிறகு பேரி வார்சா எழுதிய ஃப்ளூஃபிள் எனம் என்ற சிறிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி புழக்கத்தில் இருந்தது. அதை அடிப்படையாக வைத்து அவரும் எலி பெண்டர்ஸ்கியும் ஈதன் ஃபர்மனும் பெப் 435-ஐ எழுதினார்கள். 2013 மே மாதம் அது ஏற்கப்பட்டு, 2014 மார்ச்சில் வெளிவந்த பைத்தான் 3.4-இல் சேர்ந்தது. பழைய வெர்ஷன்காரர்களுக்காக ஃபர்மன் எனம்34 என்ற பெயரில் அதே வசதியைத் தனி லைப்ரரியாகவும் கொடுத்தார். பைத்தான் 2-இல் கிளாஸுக்குள் எழுதிய வரிசை நினைவில் நிற்காது என்பதால், மெம்பர்களின் (எனத்துக்குள் உள்ள பெயர்களின்) வரிசையைத் தனியாக ஒரு ஸ்ட்ரிங்கில் எழுதிக் கொடுக்கவேண்டிய கூத்தெல்லாம் அதில் இருந்தது.

இந்தக் கதை எதற்கென்றால், இணையத்தில் தேடினால் இன்றும் எனம்34-ஐ இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பழைய பதில்கள் வந்து நிற்கும். செய்யாதீர்கள். பைத்தான் 3.6-இலிருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் மாட்யூலே உள்ளுக்குள் எனம் மாட்யூலில் உள்ள இன்ட்ஃபிளாக் என்ற கிளாஸைப் பயன்படுத்துகிறது. எனம்34-இல் அது கிடையாது. ஃபைல் தேடும் பாதையில் எனம்34 முந்திக்கொண்டால், "எனம் மாட்யூலில் இன்ட்ஃபிளாக் இல்லை" என்று ஒரு எரர் வரும். உங்கள் கோடுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும், சிலசமயம் லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் பிப்பே ஓடாது. தீர்வு, எனம்34-ஐ அன்இன்ஸ்டால் செய்வது. நீங்கள் எழுதும் ஃபைலுக்கே எனம் என்று பெயர் வைத்துவிட்டாலும் இதே மாதிரியான குழப்பம்தான் வரும். பயிற்சி செய்ய உட்காருபவர்கள் முதலில் வைக்கிற பெயர் பெரும்பாலும் அதுதான்!

இரண்டாம் படி: முதல் எனம்

ஃப்ரம் எனம் இம்போர்ட் எனம்

கிளாஸ் நிலை(எனம்):
    அளவு = 1
    வெட்டு = 2
    தையல் = 3
    காஜா = 4
    தயார் = 5
    கொடுத்தாச்சு = 6

முதல் வரியில் வரும் முதல் எனம் மாட்யூலின் பெயர், முழுக்கச் சிறிய எழுத்து. இரண்டாவது கிளாஸின் பெயர், முதல் எழுத்து பெரியது. அடுத்த வரியின் அடைப்புக்குள் இருப்பதும் அந்தக் கிளாஸ்தான்.

இப்போது நிலை.காஜா என்று தட்டினால் பைத்தான் <நிலை.காஜா: 4> என்று காட்டும். பெயரும் மதிப்பும் ஒரே பொருளுக்குள் இருக்கின்றன. பெயர் மட்டும் வேண்டுமென்றால் நேம், மதிப்பு மட்டும் வேண்டுமென்றால் வேல்யூ என்ற பண்பைக் கேட்டு வாங்கலாம். ஃபார் லூப்பில் நிலையைக் கொடுத்தால் எழுதிய வரிசையிலேயே ஆறும் வரும், டிராப்டவுன் பட்டியல் போட வசதி. நிலை.தயர் என்று தப்பாகத் தட்டிவிட்டால் அட்ரிபியூட் எரர். நிலை.தயார் = 7 என்று யாராவது மாற்றப் பார்த்தாலும் எரர்தான்.

இந்த எரர் அந்த வரி ஓடும்போதுதான் வரும், முன்கூட்டியே வராது. முன்கூட்டியே தெரியவேண்டுமென்றால் மைபை போன்ற டைப் சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள். எடிட்டரும் புள்ளி வைத்தவுடனே ஆறு பெயரையும் காட்டிவிடும் என்பதால் தப்பாகத் தட்ட வாய்ப்பே குறைகிறது.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு கமா உண்டு. டிக்‌ஷனரியிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது தயார் = 5, என்று வரியின் முடிவில் கமா தங்கிவிடும். பைத்தானுக்கு அது 5 அல்ல, 5-ஐ உள்ளே வைத்த ஒரு டியூப்பிள். எரர் வராது. பிறகு நிலை(5) என்று தேடும்போதுதான் அப்படி ஒன்று இல்லை என்று கைவிரிக்கும்.

மூன்றாம் படி: மெம்பரைப் பிடிக்க மூன்று வழி

கோடுக்குள் எழுதும்போது புள்ளி: நிலை.காஜா. மதிப்பு கையில் இருந்தால் சாதாரண அடைப்பு: நிலை(4). பெயர் ஸ்ட்ரிங்காக இருந்தால் சதுர அடைப்பு: நிலை["காஜா"]. மதிப்பு தவறென்றால் வேல்யூ எரர், பெயர் தவறென்றால் கீ எரர்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம். "கொடுத்தாச்சு" என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கோடில் எழுதும் பெயர்களைப் பைத்தான் தானே சீர்செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஸ்ட்ரிங்கை அது தொடாது. ஆகவே எங்கிருந்தோ வந்த எக்செல் ஷீட்டில் இரண்டு குறியாக எழுதப்பட்ட "கொடுத்தாச்சு" இருந்தால், சதுர அடைப்பில் போட்டவுடன் கீ எரர் வரும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது என்பதால் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்ற வடிவத்தைக் கொடுத்து ஒருமுறை சீராக்கிவிட்டுத் தேடுங்கள்.

ஒரு மதிப்பு எனத்தில் இருக்கிறதா என்று இன் போட்டுக் கேட்பதிலும் வெர்ஷன் வித்தியாசம் உண்டு. 4 இன் நிலை என்று கேட்டால் பைத்தான் 3.12-இலிருந்து மெய் என்று பதில் வரும். 3.8 முதல் 3.11 வரை டைப் எரர். சர்வரில் எந்த வெர்ஷன் என்று தெரியாவிட்டால் நிலை(4) என்று கூப்பிட்டு, வேல்யூ எரர் வந்தால் பிடித்துக்கொள்வது பத்திரம்.

நான்காம் படி: மதிப்பாக எதை வைப்பது

அவசரப்படாமல் யோசிக்கவேண்டிய இடம் இது.

3.6-இல் ஆட்டோ என்ற வசதி வந்தது. தயார் = ஆட்டோ() என்று எழுதினால் 1, 2, 3 என்று தானே எண் போட்டுக்கொள்ளும். வழிகாட்டிகள் எல்லாம் இதைப் பாராட்டும். புரோகிராமுக்குள்ளேயே பிறந்து உள்ளேயே முடிந்துபோகிற மதிப்பாக இருந்தால் நல்ல வசதிதான். டேட்டாபேஸில் சேமிக்கப்போகும் எனத்தில் ஆட்டோவைப் போடவே கூடாது என்பது என் கட்சி.

நம் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் காஜா இல்லை, ஐந்தே நிலைகள், எல்லாம் ஆட்டோ. தயாருக்கு 4, கொடுத்தாச்சுக்கு 5. இரண்டு மாதம் கழித்து, காஜாவுக்கு வெளியே அனுப்புகிறோம், அதையும் காட்டவேண்டும் என்கிறார் கடைக்காரர். தையலுக்கும் தயாருக்கும் நடுவே ஒரு வரி சேர்க்கிறீர்கள். இப்போது காஜா 4, தயார் 5, கொடுத்தாச்சு 6. டேட்டாபேஸில் இருக்கும் பழைய 4 எல்லாம் ஒரே நொடியில் தயாரிலிருந்து காஜாவுக்கு இறங்கிவிட்டன. அதைவிட மோசம், வாடிக்கையாளர் வாங்கிப்போய்ப் போட்டுக் கிழித்த சட்டை எல்லாம் 5, அதாவது தயாராக அலமாரியில் இருப்பதாகக் கணக்குக் காட்டும். எந்த எரரும் வராது.

எனவே சேமிக்கும் மதிப்பை நீங்களே கையால் எழுதுங்கள். எண் வேண்டாம், சிறிய ஸ்ட்ரிங் வையுங்கள். நாளை யாராவது டேபிளை நேராகத் திறந்து பார்த்தாலும் 4 என்று இல்லாமல் காஜா என்று இருக்கும். எண்தான் வேண்டுமென்று யாராவது அடம்பிடித்தால் 10, 20, 30 என்று இடைவெளி விட்டுப் போடுங்கள்.

டேட்டாபேஸ் டேபிள்களைக் கிளாஸ்களாகக் கையாள உதவும் ஓஆர்எம் லைப்ரரிகளோடு சேர்க்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமி தன் எனம் வகையில் இயல்பாக மெம்பரின் பெயரைத்தான் சேமிக்கும், மதிப்பை அல்ல. ஜாங்கோ 3.0-இல் வந்த டெக்ஸ்ட்சாய்சஸ், இன்டீஜர்சாய்சஸ் இரண்டும் இந்த எனத்தின் மேல்தான் கட்டப்பட்டவை, அவை மதிப்பைச் சேமிக்கும். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பெயரையோ மதிப்பையோ மாற்றத் துணியுங்கள்.

ஒரே மதிப்பை இரண்டு பெயருக்குக் கொடுத்தால் இரண்டாவது தனி மெம்பர் ஆகாது, முதலாவதின் மறுபெயர் ஆகிவிடும். தயார் = 5, அதன் கீழ் வரியில் ரெடி = 5 என்றால், நிலை.ரெடி என்று கேட்டாலும் நிலை.தயார்தான் கிடைக்கும். லூப்பில் ரெடி வராது. பழைய பெயரைக் கைவிடும் காலத்தில் இது நல்ல உபாயம். தெரியாமல் நேர்ந்தால் வம்பு. தெரியாமல் நேராமல் இருக்க, கிளாஸுக்கு மேலே யூனிக் என்ற டெக்கரேட்டரை வையுங்கள். இரட்டை மதிப்பு இருந்தால் புரோகிராம் தொடங்கும்போதே வேல்யூ எரர் கொடுக்கும்.

ஐந்தாம் படி: வாசலில் மாற்றுங்கள்

வெளியிலிருந்து வருவது எப்போதும் ஸ்ட்ரிங் அல்லது எண்தான். ஃபார்ம், ஜேசான், சிஎஸ்வி, டேட்டாபேஸ், எதுவானாலும். அது உள்ளே நுழையும் இடத்திலேயே எனமாக மாற்றிவிடுங்கள். வெளியே போகும் இடத்தில் வேல்யூவை எடுத்துக் கொடுங்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே இருக்கும் கோடு முழுக்க எனம் மட்டும்தான் புழங்கவேண்டும். பாதிக் கோடில் எனம், மீதிக் கோடில் ஸ்ட்ரிங் என்று கலந்து ஓட்டினால் எனமே இல்லாமல் இருந்ததைவிடக் குழப்பம், ஏனென்றால் நிலை.காஜா == 4 என்பது பொய். சாதாரண எனத்தின் மெம்பரும் அதன் மதிப்பும் சமம் அல்ல.

ஜேசானாக மாற்றும்போது இது முதலில் உறைக்கும். ஜேசான் டம்ப்ஸுக்கு ஒரு மெம்பரை நேராகக் கொடுத்தால் "இதை ஜேசானாக்க முடியாது" என்று டைப் எரர் வரும். வேல்யூவைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பலர் இன்ட்எனத்துக்குத் தாவுவார்கள். அதன் மெம்பர்கள் எண்ணாகவும் நடந்துகொள்ளும், ஜேசானிலும் எண்ணாகவே போகும். ஆனால் நிலைக்கு ஒரு இன்ட்எனம், துணிவகைக்கு இன்னொரு இன்ட்எனம் என்று வைத்து, துணிவகையில் பிளவுஸுக்கு 4 கொடுத்திருந்தால், நிலை.காஜா == துணிவகை.பிளவுஸ் என்பது மெய் ஆகிவிடும்! இந்த மாதிரிக் கலப்பைத் தடுக்கத்தானே எனத்துக்கே வந்தோம்? வெளியுலகம் ஏற்கெனவே எண்ணாக நிர்ணயித்துவிட்டவற்றுக்குத்தான் இன்ட்எனம் பொருந்தும். பைத்தானே தன் எச்டிடிபி ஸ்டேட்டஸ் எண்களை 3.5 முதல் இப்படித்தான் வைத்திருக்கிறது, 404 எல்லாருக்கும் 404 என்பதால்.

ஸ்ட்ரிங்குக்கு 3.11-இல் ஸ்ட்ர்எனம் வந்தது. ஏற்கெனவே ஸ்ட்ரிங்கால் எழுதிய பழைய கோடை எனத்துக்கு மாற்றும்போது இது நல்ல பாலம், பழைய ஒப்பீடுகள் எல்லாம் உடையாமல் ஓடும். அதற்கு முன் ஆட்கள் அடைப்புக்குள் ஸ்ட்ர், எனம் இரண்டையும் சேர்த்துப் போட்டு இதையே செய்துவந்தார்கள். அப்படி எழுதிய கோடு உங்களிடம் இருந்தால் கவனம்: அந்த மெம்பரை எஃப்-ஸ்ட்ரிங்கில் போட்டால் 3.10 வரை மதிப்பு மட்டும் அச்சானது, 3.11-இலிருந்து கிளாஸ் பெயரும் மெம்பர் பெயரும் சேர்ந்து அச்சாகும். வெர்ஷன் ஏற்றிய மறுநாள் வாடிக்கையாளருக்கு "உங்கள் சட்டை: நிலை.தயார்" என்று எஸ்எம்எஸ் போனால் காரணம் இதுதான். ஸ்ட்ர்எனத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

வருகிற ஸ்ட்ரிங் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றால், எனத்துக்குள் மிஸ்ஸிங் என்ற கிளாஸ்மெத்தடை எழுதலாம். பெயருக்கு இரு பக்கமும் ஒற்றை அடிக்கோடு. மதிப்பு கிடைக்காதபோது பைத்தான் இதைக் கூப்பிடும். ஸ்பேஸை வெட்டிவிட்டு மறுபடி தேடிப் பார்ப்பது மாதிரி வேலைகளுக்குச் சரி. தெரியாததை எல்லாம் "அளவு" என்று திருப்பிக் கொடுக்க மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆறாம் படி: ஒப்பிடுதல், மேட்ச்

ஒவ்வொரு மெம்பரும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் இஸ் போட்டே ஒப்பிடலாம். பெரிது, சிறிது என்று கேட்டால் சாதாரண எனம் டைப் எரர் கொடுக்கும். தையல் முந்தையதா, தயார் முந்தையதா என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று, சாதாரண எனத்தில் மதிப்பு 0 ஆக இருந்தாலும் மெம்பர் மெய்யாகவே கருதப்படும்.

3.10-இல் வந்த மேட்ச் கட்டளை எனத்தோடு அருமையாகப் பொருந்தும், ஒரு குழியைத் தவிர. கேஸ் நிலை.தையல்: என்று புள்ளியோடு எழுதவேண்டும். கேஸ் தையல்: என்று எழுதினால் அது ஒப்பீடு அல்ல, எது வந்தாலும் தையல் என்ற புது மாறியில் போட்டு உள்ளே விட்டுவிடும். நடுவில் எழுதினால் பைத்தானே சின்டாக்ஸ் எரர் என்று தடுக்கும். கடைசி கேஸாக எழுதிவிட்டால் சத்தமே இல்லாமல் எல்லாவற்றையும் விழுங்கும்.

ஏழாம் படி: விதிகளையும் உள்ளேயே வையுங்கள்

எனமும் ஒரு கிளாஸ்தான், அதற்குள் மெத்தட் எழுதலாம்.

    டெஃப் கடையில்_இருக்கிறதா(செல்ஃப்):
        ரிட்டர்ன் செல்ஃப் இஸ் நாட் நிலை.கொடுத்தாச்சு

இதை நிலை கிளாஸுக்குள் ஆறு மெம்பர்களுக்குக் கீழே எழுதிவிட்டால், ஆர்டரின் நிலை கடையில் இருக்கிறதா என்று எங்கிருந்தும் கேட்கலாம். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்பதை ஒரு டிக்‌ஷனரியாக கிளாஸுக்கு வெளியே வையுங்கள். மெம்பர்கள் டிக்‌ஷனரியின் கீயாக இருக்கலாம். உள்ளே வைத்தால் அந்த டிக்‌ஷனரியும் ஒரு மெம்பராகிவிடும், 3.11-இல் அதற்கு நான்மெம்பர் (இது மெம்பர் அல்ல என்று சொல்வது) என்று வழி இருக்கிறது. பழைய வெர்ஷனும் ஓடவேண்டும் என்றால் வெளியே வைப்பதே நிம்மதி.

ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் பொருந்தும் என்றால் எனம் அல்ல, ஃபிளாக். ஒரு பிளவுஸுக்கு லைனிங், பைப்பிங், கொக்கி மூன்றில் எத்தனையும் இருக்கலாம். ஃபிளாகில் ஆட்டோ போட்டால் 1, 2, 4 என்று இரட்டித்துப் போகும். லைனிங்கையும் கொக்கியையும் செங்குத்துக் கோட்டால் சேர்த்தால் மதிப்பு 5. உள்ளே கொக்கி இருக்கிறதா என்று இன் போட்டுக் கேட்கலாம். சாதாரண எனம் போல் அல்லாமல், ஒன்றுமே சேராத ஃபிளாக் பொய்யாகக் கருதப்படும்.

கடைசியாக: ஏனம் எப்போது

எனம்34-ஐ எழுதிய அதே ஈதன் ஃபர்மன் ஏனம் என்று இன்னொரு லைப்ரரியும் வைத்திருக்கிறார், பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் கிடைக்கிறது. ஒரு மெம்பருக்குப் பல மதிப்பு கொடுக்கும் மல்டிவேல்யூஎனம் அதில் இருக்கிறது. பழைய சாஃப்ட்வேர் 5 என்றும் புதியது "தயார்" என்றும் அனுப்பும்போது இரண்டையும் ஒரே மெம்பருக்குக் கட்டிவிடலாம். இதற்காக மட்டுமே அந்த லைப்ரரியை இழுத்துக்கொண்டு வரலாம் என்பேன்.

ஏற்கெனவே இருக்கும் எனத்தில் ஓடும்போதே புது மெம்பரைச் சேர்க்கும் எக்ஸ்டெண்ட் எனம் என்ற ஃபங்ஷனும் அதில் உண்டு. பைத்தானின் சொந்த எனத்தில், மெம்பர் உள்ள கிளாஸிலிருந்து இன்னொரு எனத்தைக் கிளைக்கவிடக்கூட மாட்டார்கள், பட்டியல் மூடியதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்தத் தடை. கடைக்காரர் தானே திரையில் புது நிலைகளைச் சேர்த்துக்கொள்ளவேண்டும், அயர்ன் என்று ஒன்று, ஃபால்ஸ் என்று ஒன்று, என்று கேட்டால் எக்ஸ்டெண்ட் எனத்தைத் தேடிப் போகவேண்டாம். அது டேட்டாபேஸில் ஒரு தனி டேபிளாக இருக்கவேண்டிய விஷயம்.